பகேரியாவுக்குப் போன எக்ஸ்ரே வண்டி

என்னை வாய்க்காரி என்று சொல்லாத ஆள் அப்போது இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்துக்குள் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து டொக்டர்மார் வந்து, இத்தாலியன் பாஷை நன்றாகத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் பங்குச் சுவாமி யோசிக்காமல் என்னைத்தான் காட்டினார். நான் ஒரேத்தோத் தெருவில் இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் வீட்டில் வேலை செய்தேன். நான் பிழையாகப் பேசினால் அந்த மனுசி விடமாட்டார். அடுப்பில் கறி கருகினாலும் பரவாயில்லை, வசனத்தைத் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் நான் நகரலாம். அப்படி வந்த பாஷை அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகரத்துக்கு வெளியே பகேரியாப் பக்கம், மதிலும் தோட்டமும் உள்ள பழைய பெரிய வீடுகளில் எங்கள் பெண்கள் பலர் தங்கி வேலை செய்தார்கள். மொரீசியஸ் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். வருத்தம் வந்தால் அவர்களுக்கு டொக்டரிடம் போக நேரமும் இல்லை, போனால் சொல்லப் பாஷையும் இல்லை. பல்கலைக்கழகமும் எங்கள் கோயில் பங்கும் சேர்ந்து அவர்களைத் தேடிப் போவது என்று முடிவானது. பலெர்மோவின் கால்சாப் பகுதியில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டங்கள் நடந்தன. புரொபசர் ஒருவர் வருவார். நல்ல மனிதர், ஆனால் பேசத் தொடங்கினால் முடிக்கத் தெரியாது. அவருக்குக் கீழே ஒரு டொக்டர் பெண். வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு என்று எங்களிடம் விசாரித்து, வியாழன் பின்னேரத்தில் பகேரியா ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் படம் எடுக்கிற எக்ஸ்ரே வண்டியை நிறுத்தலாம் என்று சொன்னது அவர்தான். அன்றைக்கே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நெஞ்சில் ஏதும் இருக்கிறது என்று தெரியவந்தால் அது வீட்டு எசமானியின், எங்கள் சிஞ்ஞோராவின், காதுக்குப் போகுமா? டொக்டர் பெண் என் கண்ணைப் பார்த்து, என் வாயிலிருந்து போகாது என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று அதை அப்படியே சொன்னேன். பின்வரிசை வாங்கில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்குச் சோற்றோடு உப்புப் போலக் கூடவே இருந்தது.

நான் அதிகம் நினைத்தது என் மச்சாளைத்தான். என் கணவரின் மூத்த சகோதரி. மன்னாரில் அவருடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரே மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தவர், சண்டை கிட்ட வரவரப் பயந்து, அவளைக் கொழும்பில் ஒரு கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்துவிட்டு, இங்கே கூப்பிடுவதற்காகப் பேப்பர் செய்துகொண்டிருந்தார். வேலை ஒப்பந்தம் வேண்டும், வீடு காட்டவேண்டும், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகுமுன் எல்லாம் முடியவேண்டும். பதினெட்டு முடிந்தால் தாய் கூப்பிட முடியாது. பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. குடிவரவுப் பேப்பர் பார்க்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் ஒரு பேப்பர் குறைகிறது என்றால் மச்சாள் அந்தக் கிழமை முழுக்கச் சாப்பிடமாட்டார்.

அந்த மச்சாளுக்குத்தான் மாரி தொடங்கியதிலிருந்து இருமல். பகேரியாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை. கண் பார்வை மங்கின, நல்ல மனுசி. மகன் ஒருவன், அவன்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறவன். இருமல் வந்தால் மச்சாள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று இருமுவாராம். அவருடைய சட்டை தோளில் தொங்கத் தொடங்கியிருந்தது. நான் கேட்டால், பனி, தோட்டத்துத் தூசி என்று ஏதாவது ஒரு விசர்க் கதை சொல்லுவார். எக்ஸ்ரே வண்டிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று நான் அவரைத் தின்னாத குறை. கடைசியில் ஓம் என்று சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டு வேலையில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலாள் உண்டு. வருத்தம் என்றாலோ, குவெஸ்தூரா வரிசையில் நிற்கவேண்டும் என்றாலோ, ஊருக்குப் போவதென்றாலோ பதிலாள் போய் அந்த வீட்டில் நிற்பாள். வேலையும் நிற்காது, வேறு ஆளும் உள்ளே வராது. சிஞ்ஞோராக்களுக்கும் அது பழகிவிட்டது. மச்சாளின் பதிலாள் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்துப் பெண். நாங்கள் தீவுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அடக்கமான பிள்ளை, மச்சாள் என்றால் உயிர். கண் மங்கின சிஞ்ஞோரா இரண்டு பேரையும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், இரண்டு பேரும் ஓம் என்று போவார்கள். அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம்.

வண்டி பகேரியாவுக்குப் போன வியாழன், எனக்குப் போகக் கிடைக்கவில்லை. என் ஆசிரியை அம்மாவுக்குக் காய்ச்சல். மொரீசியஸ்காரி ஒருத்தி எனக்குப் பதில் போய்ப் பெண்களை வரிசையில் விட்டாள். அவளுக்கு மச்சாளைத் தெரியாது. நிறையப் பேர் வந்தார்களாம். புரொபசர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தாராம்.

இரண்டு கிழமையில் முடிவுகள் வந்தன. மச்சாளின் நெஞ்சு சுத்தம். நான் மண்டப வாசலில் நின்று அழுதேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அழுத கையோடு மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்து, இவ்வளவு நாளும் என்னைப் பயப்படுத்தினதற்கு நல்லாக ஏசினேன். மறுமுனையில் அவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

பிறகு ஒரு நாள் டொக்டர் பெண் என்னைத் தனியே கூப்பிட்டார். உங்கள் மச்சாளின் படத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, நோகிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்று, படத்தை வெளிச்சப் பெட்டியில் போட்டார். வலப்பக்கம் காறை எலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு. நகத்தளவு இருக்கும். இரும்பு, என்றார் அவர்.

மச்சாளின் உடம்பில் இரும்பு கிடையாது. அது ஊரில் சண்டையில் பட்ட ஷெல் துண்டு, தீவுக்காரியுடையது. போன மாதா திருநாளுக்கு அவளுக்குச் சாறிச் சட்டை தைத்தது நான்தான். காறை எலும்புக்குக் கீழே உள்ள தழும்பு தெரியாமல் கழுத்தை ஏற்றி வெட்டச் சொல்லிக் கேட்டாள். தொட்டுப் பாருங்கோ அக்கா, உள்ளுக்குக் கிடக்குது என்று என் விரலைப் பிடித்து வைத்தாள். குளிர் நாளில் நோகும் என்றும் சொன்னாள்.

மச்சாளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று டொக்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் இருந்தபடி என்னென்ன சொல்லி ஏசுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் பின்பக்கக் கதவைத் திறந்த மச்சாளின் முகத்தைக் கண்டதும் வரிசை குலைந்துபோனது. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. சமையலறையில் இருத்தி, படத்தில் கண்டதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், மெல்லக் கேட்டார்:

"இந்த வீட்டிலை எனக்குப் பதிலா அவள் நிண்டா காணும். அங்கை மட்டும் ஏன் காணாது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பெயருக்கு ஓர் ஆள் வண்டிக்குள் போய் வந்தால் என் வாயும் அடைபடும், பல்கலைக்கழகமும் சந்தோஷப்படும், தன் வேலையும் போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். மச்சாளின் அடையாள அட்டையில் இருந்த படத்தையும் அதைக் கொண்டுவந்த ஆளையும் யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. எங்கள் முகமெல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான் என்பது மச்சாளுக்கு அந்த வீட்டிலேயே தெரிந்திருந்தது.

வருத்தம் என்று தெரிந்தால் மகன்காரன் ஒரு நாளும் வைத்திருக்கமாட்டான், ஒப்பந்தம் போனால் பிள்ளை வரமாட்டாள், பிள்ளை வந்து இறங்கட்டும், பிறகு எந்த வண்டிக்குள்ளும் ஏறுகிறேன் என்றார். நான் விடவில்லை. டொக்டர் பெண் தந்த வாக்கைச் சொன்னேன். சிஞ்ஞோராவோடு ஒரே அறையில் படுக்கிறீர்கள், அந்தக் கிழவிக்கும் தொற்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் செத்தால் மச்சாள், பிள்ளை ஆரிட்டை வாறது?"

அவர் நெத்தலிச் சட்டியைத் தள்ளிவைத்தார். அடுத்த வியாழன் என்னோடு படம் எடுக்க வந்தார்.

சயரோகம்தான். ஒரு பக்கம் நன்றாகப் பிடித்திருந்தது. ஆள் மாறிய கதையைக் கேட்ட டொக்டர் பெண் அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தீவுக்காரி வழக்கம்போலப் பகேரியாவுக்குப் போய் நின்றாள். சிஞ்ஞோராவிடம் மச்சாளுக்குக் குடல் ஒப்பரேஷன் என்று சொல்லிவைத்தோம். இரண்டு மூன்று மாதம் இப்படியே சமாளித்தால் ஒப்பந்தம் அசையாது என்று நானும் கணவரும் கதைத்துக்கொண்டோம். மூன்று நாள்கூட ஆகவில்லை. அரசாங்கச் சுகாதாரக் கந்தோர் ஆட்கள் அந்த வீட்டு மணியை அடித்தார்கள்.

சயரோகம் என்று கண்டுபிடித்தால் கந்தோருக்கு அறிவிக்கவேண்டுமாம், அது சட்டமாம். கந்தோர் நோயாளியோடு இருந்தவர்களைத் தேடிப்போய்ச் சோதிக்கவேண்டுமாம், அதுவும் சட்டமாம். கிழவியைச் சோதிக்கத்தான் போனார்கள். கிழவிக்கு ஒன்றும் இல்லை. மகன்காரன் மச்சாளின் உடுப்புகளையும் மாதா படத்தையும் ஒரு குப்பைப் பைக்குள் போட்டுக் கேற்றுக்கு வெளியே வைத்தான். தீவுக்காரிதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்துவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போய் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்கும். வாக்குத் தந்தீர்களே என்று டொக்டர் பெண்ணிடம் கேட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. நான் யாருக்கும் சொல்லவில்லை, என் வாயிலிருந்து போகாது என்றுதான் சொன்னேன், கந்தோருக்கு அறிவிப்பது எல்லா டொக்டர்மாரும் செய்வதுதானே, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நான் வீடு கூட்டுகிறவள். சனத்துக்கு முன்னால் அந்த வாக்கைச் சொன்னது என் வாய். நாளைக்கு அந்தச் சனத்தின் முகத்தில் முழிக்கவேண்டியதும் நான்தான் என்று அந்த நடைபாதை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவர் பொய் சொன்னார் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கோபம் தீரவில்லை.

பகேரியாவுக்கும் போய் மகன்காரனிடம் கெஞ்சினேன். சம்பளம் வேண்டாம், ஒப்பந்தத்தைப் பேப்பரில் மட்டும் வைத்திருங்கள், ஒரு பிள்ளையின் விஷயம் என்றேன். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். மரியாதையாகத்தான் பேசினான். மற்றப் பெண் வேண்டுமானால் தொடர்ந்து வரலாம், அம்மாவுக்கு அவளைப் பழக்கம் என்றான். தீவுக்காரி போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மச்சாள்தான் அவளைத் துரத்திவிட்டார். "போ பிள்ளை, கிழவி உன்ரை கையாலை சாப்பிடும்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. நான் கொண்டுபோகிற கஞ்சியைக் குடிப்பார். போர்வையை இழுத்துவிட்டால் விடுவார். ஏதும் கேட்டால் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்லுவார். எனக்கு வலித்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வியாழன் திரும்ப வந்தாலும் நான் அவரை இழுத்துக்கொண்டுதான் போவேன். செத்த தாயை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையையும் கூப்பிட முடியாது.

கடைசியாக ஒரு வழி இருந்தது. வருத்தம் மாறிக்கொண்டு வருகிறது, இன்னும் சில மாதத்தில் இவர் வேலை செய்யலாம், அதனால் மகளின் பேப்பரை நிறுத்திவைக்கவேண்டாம் என்று பல்கலைக்கழகம் குவெஸ்தூராவுக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். சுவாமியும் நானும் புரொபசரிடம் போனோம். அவர் கவனமாகக் கேட்டார். மிகவும் கவலைப்பட்டார். பிறகு, எங்கள் திட்டம் சுகாதாரம் மட்டும்தான், குடிவரவு விஷயத்தில் பல்கலைக்கழகம் தலையிட்டால் திட்டமே நின்றுபோகும் என்று நீளமாக விளங்கப்படுத்தினார். டொக்டர் பெண் தான் எழுதுகிறேன் என்று எழுந்தார், புரொபசர் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். வெளியே வந்து சுவாமி சிகரெட் பற்றவைத்தார். மச்சாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தது.

அடுத்த முறை வண்டி பகேரியாவுக்குப் போனபோது வரிசையே இல்லை. எனக்குக் கேட்கக் கேட்கப் பெண்கள் கோயில் பின்வரிசை வாங்கில் குசுகுசுத்தார்கள். சிலர் மூஞ்சியில் அடித்தாற்போலச் சொன்னார்கள். நான் வீடு வீடாகப் போய், வாக்குத் தரமாட்டேன், கந்தோருக்கு அறிவிப்பார்கள், ஆனாலும் வாருங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். மெல்ல மெல்லக் கொஞ்சப் பேர் வந்தார்கள்.

மச்சாள் சுகமாகி வந்த வசந்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கூட்டம் வைத்தார்கள். திட்டம் வெற்றி என்று புரொபசர் படம் போட்டுக் காட்டினார். மச்சாளையும் கூப்பிட்டிருந்தார்கள், இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். வரமாட்டார் என்று நினைத்தேன். சாறி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். அவர் எழும்பியதும் மண்டபம் கை தட்டியது. நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பாராமல், புரொபசரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"உயிரைத் தந்தியள். கும்பிட்டுச் சொல்லுறன், நன்றி. இந்த உயிரை நான் வைச்சிருந்தது என்ரை பிள்ளையைக் கூப்பிட. அதுக்கு ஒரு துண்டு எழுதித் தாங்கோ எண்டு கேக்க, அது எங்கடை வேலை இல்லை எண்டு சொன்னியள். இப்ப என்னத்துக்குக் கை தட்டினியள்?"

ஒரு சொல்லைக்கூட நான் மென்மையாக்கவில்லை. என் ஆசிரியை அம்மாவே குறை பிடிக்க முடியாத இத்தாலியனில் அதை அப்படியே சொன்னேன். புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டொக்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கை தட்டவில்லை.

வெளியே படியில் வைத்து மச்சாள் என் கையைப் பிடித்தார். பல மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அதுதான். இனிக் கூப்பிட ஏலாது என்று பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லையாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லியே வந்தாராம். "எனக்கு வாய் வருகுதில்லை. நீ சொல்லு அவளுக்கு," என்றார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து ரெலிபோன் பெட்டிக்குப் போனோம். அவர் கண்ணாடிக்கு வெளியே, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். விடுதியில் யாரோ ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார்கள். மாமி, அம்மாவுக்கு இருமல் சுகமோ என்றுதான் முதலில் கேட்டாள். சுகம் என்றேன். உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும் பிள்ளை என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும் மாமி. எம்பசியிலை எப்பவோ சொல்லிப்போட்டினம், வயது முடிஞ்சுது, ஏலாது எண்டு. அம்மாட்டை இப்ப சொல்லாதேங்கோ, அவ தாங்கமாட்டா. நல்லாச் சுகம் வரட்டும். நானே மெல்லச் சொல்லுறன்."

நான் ரெலிபோனை வைத்தேன். மச்சாள் கண்ணாடியில் தட்டி, சொல்லிப்போட்டியோ என்று கேட்டார். ஓம் என்றேன். அழுதவளோ என்று கேட்டார். இல்லை மச்சாள் என்றேன்.